கதிரைக்குக் கீழே இருந்து பார்த்த ஆட்டம்

அத்தையைச் சுடலைக்குக் கொண்டு போன அன்றைக்குத் தப்பு மேளம் அடித்தவர்களுக்குப் பக்கத்திலேயே சந்தி வரைக்கும் நடந்து போனேன். பெண் பிள்ளை அப்படி முன்னுக்குப் போகக் கூடாது என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. தப்புச் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கி என்னைக் கீழே விழாமல் பிடித்து வைத்திருந்தது. அத்தையின் சேலை இன்னும் கொடியில் கிடக்கிறது. எடுத்து மடிக்க எனக்கு மனம் வரவில்லை. வேலை முடிந்து வந்து அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இப்படி இருந்தால் விசர் பிடித்துவிடும் என்றுதான் இதை எழுதத் தொடங்கினேன். ஒன்பதாம் வகுப்போடு நின்று கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வயது ஆட்களுக்கு நிறையச் சொல்லத் தேவையில்லை. சண்டை முடிந்து, முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்த அந்தக் காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். எங்களுக்கு ஸ்கந்தபுரம். நாலு பக்கமும் தகரம், மேலே தறப்பாள், அதுதான் வீடு. வெயில் ஏறினால் தகரம் டிக் டிக் என்று வெடிக்கும். அந்தச் சத்தத்துக்கே நான் கட்டிலுக்குக் கீழே போய்விடுவேன். கட்டில் என்றால் கல்லுக்கு மேல் போட்ட பலகை. அதற்குக் கீழே சீமெந்துப் பை விரித்திருந்தது. அந்தப் பையின் மணம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. ஈரச் சீமெந்தும் எலியும் மண்ணெண்ணெயும் கலந்த மணம். எனக்கு அது நல்ல மணம். அங்கே இருந்தால் ஒன்றும் செய்யாது என்று நினைப்பேன்.

எல்லாச் சத்தத்திலும் மேளம்தான் மோசம். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டிக்குப் பாண்ட் மேளம் பழகத் தொடங்கினால் நான் கக்கூசுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வேன். ஒரு தடவை கோயில் திருவிழாவில் தவில்காரர் கையை ஓங்கியதும் எழும்பி ஓடி, வயலுக்குள் இறங்கி, வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டேன், சேறும் சகதியுமாக என்னைத் தூக்கி வந்தார்கள். வகுப்பு ரீச்சர் என்னை மந்தம் என்றார். பக்கத்து வளவில் இருந்த பூசாரி பேய் என்று சொல்லிக் கையில் கறுப்பு நூல் கட்டினார். இரண்டு பேரும் நல்லது என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மேளம் கேட்கிற நாட்களில் என் காதுக்குள் பஞ்சை அடைத்து, வீட்டுக்குள் வைத்துக்கொள்வார். அப்பா உடையார்கட்டு என்ற ஊரில் ஷெல் விழுந்து செத்துப்போனவர். அப்போது எனக்கு நாலு வயது. அதற்குப் பிறகு அம்மா என்னை மடிக்குள் அமுக்கி, இரண்டு கையாலும் காதைப் பொத்திப் பொத்தித்தான் முகாம் வரைக்கும் கொண்டு வந்து சேர்த்தார். காதைப் பொத்தினால் பிள்ளை பிழைக்கும் என்று அம்மாவின் கைக்குப் பழகிவிட்டது. இப்போது எனக்கு அது விளங்குகிறது. அன்றைக்கு விளங்கியிருந்தாலும் நான் என்ன செய்திருப்பேன்?

கடைசியில் அம்மா முடிவெடுத்தார், அடுத்த தவணையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை என்று. "பிள்ளை ஒவ்வொரு நாளும் செத்துச் செத்து வருது. எனக்குப் படிப்பு வேண்டாம். பிள்ளை இருந்தாக் காணும்," என்றார்.

இங்கேதான் அத்தை வருகிறார்.

அத்தை அப்பாவின் அக்கா. என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் அப்பாவின் அக்காவை மாமி என்பார்கள். நாங்கள் மலையிலிருந்து வந்த ஆட்கள், அதனால் எனக்கு அத்தை. கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தபோது அவர் பாவாடை கட்டின சிறு பிள்ளையாம். அதற்குப் பிறகு வன்னியிலேயே கிடந்தும் அவர் வாயில் மலைப் பேச்சுத்தான். கடையில் போய் 'என்னாங்க' என்று கேட்டால் சிலர் சிரிப்பார்கள். அத்தை இன்னும் உரத்துக் கேட்பார்.

அவர் களை பிடுங்கப் போகிற வயல் டான்ஸ் ரீச்சர் வீட்டு வயல். அவர்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். குளத்துக்குக் கீழே காணி கொடுத்த காலத்தில் வந்து குடியேறினவர்கள். டான்ஸ் ரீச்சர் கிளிநொச்சியில் பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் பழக்கினார். ஒரு நாள் வரம்பில் நின்று அத்தையிடம் ஒரு அழைப்புக் காட் கொடுத்தார், சின்ன ஆளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று.

விறாந்தையில் இருந்த ரீச்சரின் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "தோட்டத்து ஆக்களுக்கு உது விளங்குமே பிள்ளை? காட்டை வீணாக்காதை," என்றாராம்.

அத்தை அவருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாராம்: "வெளங்கலன்னா சும்மா அழுதுட்டு வாறோம்மா. அழுகத் தெரியும்."

வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்து அத்தை காட்டை எழுத்துக்கூட்டினார். "கா... ம... த... க... னம்." நிமிர்ந்தார். முகம் அப்படியே மாறிவிட்டது. "ஏ புள்ள! கிளிநொச்சியில காமன் கூத்து போடுறாங்கடி!"

நாட்டிய நாடகம் என்று கீழே போட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் கூத்துக்கு ரீச்சர்மார் வைத்த பெயர் என்றுதான் எடுத்திருப்பார். மலையில் எங்கள் ஆட்களுக்குக் காமன் கூத்தை விடப் பெரிய நாள் இல்லையாம். மாசி மாதம் கம்பம் நட்டு, ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் செய்து வைப்பார்கள். தவத்தில் இருக்கிற சிவன் மேல் மன்மதன் அம்பு விடுவான். சிவன் கண்ணைத் திறந்து அவனை எரிப்பார். ரதி அழுது அழுது கடைசியில் அவனை எழுப்புவாள். எல்லாம் விடிய விடிய. அத்தை பிறந்த தோட்டத்தில், எரிந்த காமனை எழுப்பும் வரைக்கும் ஒருவரும் இருந்த இடத்தை விட்டு அசைய மாட்டார்களாம். வாயில் ஒரு துளி தண்ணீர் வைக்க மாட்டார்களாம். பிணத்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடுவதா என்று.

"இவளக் கூட்டிட்டுப் போறேன்," என்றார் அத்தை.

அம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார். "அக்கா, உங்களுக்கு விசரோ? கோயில் மேளத்துக்கே வாய்க்காலுக்க விழுந்த பிள்ளை."

"அதுக்குன்னு? காதுல பஞ்ச வச்சுக்கிட்டே இவளுக்குத் தாலி கட்டி அனுப்பப் போறியா?"

"பயந்தா?"

"பயந்து ஓடுனா தூக்கிட்டு வந்துருவேன். அப்புறம் பள்ளிக்கூடத்துப் பேச்சையே எடுக்க மாட்டேன். நீ சொல்றபடி வீட்டுலயே வச்சுக்க. ஆனா கடைசி வரைக்கும் ஒக்காந்துட்டு வந்துட்டான்னா, பள்ளிக்கூடம் போவா. சரியா?"

அம்மா, "அவர் ஆடின கூத்தை ஏன் அக்கா இப்ப ஞாபகப்படுத்துறீங்க," என்றார். சோறு போடாமல் வெளியே போய் நின்றார்.

அப்பா கூத்தாடினவர் என்று எனக்குத் தெரிய வந்தது அப்போதுதான்.

டான்ஸ் பழகுகிற பிள்ளைகளின் பெற்றோர் ஒரு ட்ராக்டர் பிடித்திருந்தார்கள். பின்னுக்கு இருந்த பெட்டியில் நாங்களும் ஏறினோம். எல்லாரும் பவுடர் போட்டு, பூ வைத்து, வெறுங்கையோடு இருந்தார்கள். அத்தை மட்டும் காலையிலிருந்து விரதம். தலையில் தோய்ந்து, மஞ்சள் பூசி, ஒரு கையில் சுருட்டிய பாய், மறு கையில் தேங்காயும் வெற்றிலையும் கற்பூரமும் வைத்த பை. விடியப்புறம் குளிரும் என்று எனக்கு ஒரு போர்வை. பெட்டி துள்ளத் துள்ள என் பல் ஆடியது. பயத்தில் ஆடியதோ என்றும் சொல்ல முடியாது.

"அத்தை, அப்பா என்ன வேஷம்?"

"ரதி."

"ரதி பொம்பிளை எல்லோ?"

"கூத்துல ஆம்பளதான் ரதி. இங்க வன்னியில நம்மாளுக கூத்துப் போட்டப்ப ஒங்கப்பன் சேலையக் கட்டி, மையப் போட்டு வந்து நின்னான்னு வையி, ஊருப் பொம்பளைங்க எல்லாம் ஒரு வாரத்துக்குக் கண்ணாடியப் பாக்காதுங்க. அவ்வளவு வெக்கமாயிரும்."

பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். அப்பாவின் சலங்கையை உடையார்கட்டில் பங்கருக்குள் வைத்துவிட்டு ஓடி வந்ததையும், பிறகு தேடிப் போனபோது பங்கர் இருந்த இடமே தெரியாமல் கிடந்ததையும் அதே சிரிப்போடுதான் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சிரிப்பு நிற்கவில்லை, கண் மட்டும் ரோட்டுப் பக்கம் போயிருந்தது.

மண்டப வாசலில் டை கட்டிய ஒரு ஐயா நின்று ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். பாயைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்தார்.

"அம்மா, இது என்ன?"

"பாயிங்க."

"அது தெரியுது. உள்ளுக்குக் கதிரை இருக்குது. பாய் என்னத்துக்கு?"

"விடிய விடிய கதிரையில எப்பிடிங்க ஒக்காருறது? புள்ள வேற தூங்கிரும்."

"விடிய விடியவோ? ஏழு மணிக்கு முடிஞ்சிடும் அம்மா."

அத்தை அவரைப் பாவமாகப் பார்த்தார். "ஏழு மணிக்குக் காமனுக்குக் கல்யாணமே முடிஞ்சிருக்காதே ஐயா."

பின்னால் நின்றவர்கள் தள்ளத் தொடங்கினார்கள். ஐயா பைக்குள் எட்டிப் பார்த்தார். தேங்காயைக் கண்டார். என்ன நினைத்தாரோ, "சரி, சரி. உடைச்சுப் போடாதேங்கோ. பாயைக் கதிரைக்குக் கீழ வையுங்கோ," என்று விட்டுவிட்டார்.

உள்ளே குளிராக இருந்தது. நான் அதற்கு முன் மின்விசிறி பார்த்திருக்கிறேன், இத்தனை ஒன்றாகப் பார்த்ததில்லை. சிவப்புத் திரை. அதன் ஓரத்தில் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மாஸ்டர் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பெரிய வயிறு, நெற்றி நிறையத் திருநீறு. அவரைக் கண்டதும் அத்தையின் கையைப் பிடித்தேன். அத்தை, "வேலையப் பாக்க வந்த மனுசன். ஒன்னய ஒண்ணும் செய்ய மாட்டாரு," என்றார்.

விளக்கு அணைந்தது. அவர் கையை ஓங்கினார்.

தொம்.

நான் கதிரைக்குக் கீழே போய்விட்டேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. பாய்க்குப் பின்னால் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்தேன். மூத்திரம் போய்விட்டது. அதையும் எழுதுகிறேன், வெட்கப்பட ஒன்றும் இல்லை, உங்களில் எத்தனை பேருக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அத்தை என்னை இழுக்கவில்லை. தூக்கிக்கொண்டு ஓடவும் இல்லை. அவரும் கதிரையிலிருந்து இறங்கி, பெரிய உடம்பை ஒடுக்கி நிலத்தில் குந்தி, தலையைக் கதிரைக்குக் கீழே விட்டார். பின்னுக்கிருந்த ஒருவர், "என்னணை, காசு ஏதும் விழுந்திட்டுதோ?" என்று கேட்டார்.

"புள்ள விழுந்துருச்சு. நீங்க பாருங்க," என்றார் அத்தை. பிறகு என்னிடம் மெல்லமாக, "அங்கேருந்து என்னா தெரியுது?" என்று கேட்டார்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "கால்," என்றேன்.

"யாரு காலு?"

"சப்பாத்துக் கால்."

"அதுக்கு அங்கிட்டு?"

பார்த்தேன். முன்வரிசை ஆட்களின் கால்களுக்கு நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அதற்குள்ளால் மேடை ஒரு பட்டை அளவு தெரிந்தது. திரை திறந்திருந்தது. வெளிச்சத்தில் சிவப்புச் சாயம் பூசிய கால்கள், சலங்கை கட்டிய கால்கள். முழங்காலுக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

"டான்ஸ் ஆடுற கால்," என்றேன்.

"மேளத்தக் கேக்காத. அந்தக் காலப் பாரு. அது தரையில படுறப்பத்தான் சத்தம் வருதா இல்லையா, எனக்குப் பாத்துச் சொல்லு. எனக்கு இங்கேருந்து தெரியல."

அது பொய். அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். நான் அவருக்காகப் பார்த்தேன். ஒரு கால் மேலே போனது. நான் மூச்சைப் பிடித்தேன். கால் கீழே வந்தது. தொம். மறுபடியும் மேலே போனது. நான் காத்திருந்தேன். கீழே வந்தது. தொம்.

எனக்குத் தெரிந்த சத்தங்கள் எல்லாம் எப்போது வரும் என்று சொல்லாமல் வருகிறவை. இந்தச் சத்தம் காலைத் தூக்கிக் காட்டிவிட்டு வந்தது. இதோ வருகிறேன், இதோ வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி வந்தது. ஏழு வயதில் இதை நான் இப்படி யோசித்திருக்க மாட்டேன். ஆனால் உடம்புக்கு விளங்கியது. அடுத்த கால் விழுவதற்கு முன்பே என் தலை ஆடத் தொடங்கிவிட்டது.

"வருதா?" என்றார் அத்தை.

"ஓம் அத்தை. கால் பட்டாத்தான் வருது."

"நல்லாப் பாத்தியா? ஏமாத்திரப் போறாளுக."

பிறகு அந்தக் கால்கள் ஒரு பக்கமாக ஓடின. சப்பாத்து மறைத்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் பாயைத் தள்ளிவிட்டு, முழங்காலில் தவழ்ந்து நடைபாதைக்கு வந்தேன். அங்கே நிமிர்ந்து பார்த்தபோதுதான் கால்களுக்கு மேலே ஆட்கள் இருந்தார்கள்.

ஐயோ, அந்த ஆட்கள்! நீங்களும் பார்த்திருக்க வேண்டும். தங்கக் கரை போட்ட பச்சை உடுப்பு, விசிறி மாதிரி விரிகிற மடிப்பு. எங்கள் வீடுகளில் அப்போது நிறமே இல்லை. தகரமும் மண்ணும் நிவாரணச் சாக்கும்தான். நான் வாயைத் திறந்தபடி அத்தையின் மடியில் ஏறியிருந்தேன். அத்தையும் கதிரைக்குப் போகவில்லை. நடைபாதையில் பாயை விரித்து இருவரும் இருந்துவிட்டோம். டை கட்டிய ஐயா தூரத்திலிருந்து தலையில் கை வைத்தார்.

மன்மதனாக வந்தது பெரிய வகுப்பில், ஏ.எல். படிக்கிற ஒரு அக்கா. மையால் மீசை வரைந்திருந்தது. அத்தை என் காதுக்குள் சொன்னார், "எங்க கூத்துல ஆம்பள ரதி. இங்க பொம்பள காமன். கணக்குச் சரியாப் போச்சு."

கரும்பு வில்லோடு அந்தக் காமன் அக்கா மேடையைச் சுற்றி வந்தபோது மிருதங்கம் ஓடி ஓடி வந்தது. நான் அத்தையின் தொடையில் கையால் தட்டிக்கொண்டிருந்தேன். அம்பு போனது. சிவன் கண்ணைத் திறந்தார். சிவப்பு வெளிச்சம். இரண்டு சின்னப் பிள்ளைகள் சிவப்புத் துணியை உதறினார்கள். மிருதங்கம் இடைவெளி இல்லாமல் உருண்டது. காமன் அக்கா ஒரு சுற்றுச் சுற்றி, வில் ஒரு பக்கம் தான் ஒரு பக்கமாக விழுந்தார். அசையவில்லை.

திரை மூடியது. விளக்குகள் எரிந்தன. மைக்கில் யாரோ என்னவோ சொன்னார்கள், அது கீச்சிட்டதில் ஒன்றும் விளங்கவில்லை. ஆட்கள் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்கள். பக்கத்துக் கதவால் பணிஸும் தேத்தண்ணியும் தட்டத் தட்டமாக வந்தன.

"செத்துட்டாரா?" என்றேன்.

"எழுப்புவாங்கடி."

"எப்ப?"

அத்தை திரையைப் பார்த்தார். வாயில் பணிஸோடு சிரித்துக்கொண்டு நின்ற ஆட்களைப் பார்த்தார். ஏழு மணிக்கு முடிந்துவிடும் என்று அந்த ஐயா சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அப்படியென்றால் இவ்வளவுதான், காமனைக் கிடத்திவிட்டுப் போகப் போகிறார்கள்.

நான் கத்தத் தொடங்கினேன். "எழுப்பச் சொல்லுங்க அத்தை! எழுப்பச் சொல்லுங்க!" எனக்குத் தெரிந்த செத்தவர்கள் ஒருவரையும் யாரும் எழுப்பவில்லை. எழுப்பலாம் என்று அன்றைக்குத்தான் அத்தை சொல்லியிருந்தார். அதை இவர்கள் செய்யாமல் போவார்கள் என்றால் எனக்குத் தாங்கவில்லை.

அத்தை எழும்பினார். மேடைக்கு முன்னால் போனார். தேங்காயையும் வெற்றிலையையும் நிலத்தில் வைத்தார். திரும்பி நின்று மண்டபத்துக்குச் சொன்னார்: "காமன் கெடக்கையில யாராச்சும் திம்பாங்களா?"

சில பேர் மெல்லுவதை நிறுத்தினார்கள். டை கட்டிய ஐயா ஓடி வந்தார். "அம்மா, இது இடைவேளை. தேத்தண்ணி குடிச்சிட்டு மிச்சம் இருக்குது. பிறகு எழும்புவார்."

"தேத்தண்ணி குடிச்சிட்டா?"

"ஓம் அம்மா. பதினைஞ்சு நிமிஷம்."

"அதுவரைக்கும் அவரு அப்பிடியே கெடக்கணுமா ஐயா?"

ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். அத்தை காத்திருக்கவில்லை. நெஞ்சில் கையை வைத்து ரதியின் அழுகையை எடுத்துவிட்டார்.

"வில்லெடுத்துப் போனவரே, வெள்ளி நிலாச் சாஞ்சிருச்சே,
வச்ச சோறு ஆறுதய்யா, வந்தொரு வாய் உண்ணலையே..."

அத்தைக்கு அப்படி ஒரு குரல் இருந்தது எனக்கே தெரியாது. களை பிடுங்குகிற குரல் இல்லை அது. மண்டபத்தின் கடைசி வரிசையில் இரண்டு மூன்று பெண்கள் எழும்பினார்கள். எங்கள் ஆட்கள். ஒருவர் குரவையிட்டார். மற்றவர்கள் 'உண்ணலையே' என்று வாங்கிப் பாடினார்கள். முன்வரிசையில் இருந்த டான்ஸ் ரீச்சரின் அம்மா கோப்பையைக் கையில் வைத்தபடி அப்படியே இருந்துவிட்டார். திரைக்குப் பக்கத்தால் டான்ஸ் ரீச்சர் தலையை நீட்டினார். இதோ ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அத்தையைப் பார்த்தார். பிறகு மிருதங்க மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்து, உதட்டைத் துடைத்து, மிருதங்கத்தை மடிக்கு இழுத்தார். அத்தையின் பாட்டுக்குப் பின்னால் மெல்ல, ஒரு விரலால் தொடங்கினார்.

அத்தை பாடிக்கொண்டே போனார். மூன்றாவது தடவையோ என்னவோ 'வச்ச சோறு' என்ற இடத்துக்கு வந்தபோது அவர் குரல் உடைந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண்ணீர் ஓடியது. அது ரதியின் அழுகை இல்லை. அவர் தன் தம்பிக்காக அழுதார். உடையார்கட்டில் அழ நேரம் இருக்கவில்லை, முகாமில் அழ இடம் இருக்கவில்லை. கிளிநொச்சியில், பணிஸ் தட்டங்களுக்கு நடுவில் அத்தைக்கு அது வந்தது.

மிருதங்க மாஸ்டர் கையை நிறுத்தினார். மரியாதைக்காக நிறுத்தினார் என்று இப்போது விளங்குகிறது. மண்டபம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

அந்தச் சத்தமில்லாமையில்தான் எனக்குப் பயம் வந்தது. மேளம் நின்றுவிட்டது. தூக்கிய கால் கீழே வராமல் நிற்கிற மாதிரி இருந்தது. இப்படியே விட்டால் காமன் எழும்பவே மாட்டார்.

நான் பாயிலிருந்து எழும்பி ஓடினேன். மண்டபத்தை விட்டு வெளியே ஓடுகிறேன் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். நான் மிருதங்கத்துக்கு நேரே ஓடி, அந்தப் பெரிய வயிற்றுக்கு முன்னால் போய் நின்று கத்தினேன்.

"அடியுங்கோ மாமா! ஏன் நிப்பாட்டினீங்கள்? அடியுங்கோ!"

அவர் என்னைப் பார்த்தார். "அடிக்கவோ?"

"உரத்து அடியுங்கோ!"

அடித்தார். பாருங்கள், அதை எப்படிச் சொல்வது? தோலிலிருந்து காற்று என் முகத்தில் பட்டது. திருநீறு பறந்தது. நிலம் என் உள்ளங்காலில் அதிர்ந்தது. நான் அசையவில்லை. அவர் கை தூக்கத் தூக்க நானும் கை தூக்கினேன், அவர் அடிக்க அடிக்க நானும் காற்றில் அடித்தேன். பின்னால் அத்தைக்குக் குரல் திரும்பி வந்தது. கடைசி வரிசையிலிருந்து குரவை மேலே மேலே போனது. டான்ஸ் ரீச்சர் தாளத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். யாரோ திரையை இழுத்தார்கள்.

உள்ளே காமன் அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் பாதிப் பணிஸ். மீசையில் பாதி போயிருந்தது. பக்கத்தில் சிவபெருமான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"எழும்பிட்டார்!" என்று நான் கத்தினேன்.

மண்டபம் சிரித்த சிரிப்பில் கூரை போயிருக்கும். அந்த அக்கா கெட்டிக்காரி. என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பணிஸைச் சிவபெருமானின் கையில் கொடுத்தார், ஓடிப் போய் விழுந்த இடத்திலேயே படுத்தார். மிருதங்கம் உருண்டது. அத்தை இரண்டு கையையும் தூக்கி, "எந்திரிங்க சாமி!" என்றார். காமன் அக்கா விரலை அசைத்தார், தோளை அசைத்தார், ஒரே துள்ளலில் எழும்பி வில்லைத் தூக்கினார். ஆட்கள் கதிரைகளில் ஏறி நின்று கை தட்டினார்கள். அத்தை தேங்காயை நிலத்தில் அடித்து உடைத்துவிட்டார். டை கட்டிய ஐயா தானே குனிந்து சிரட்டை பொறுக்கினார்.

இடைவேளைக்குப் பிறகு காமன் இன்னொரு தரம் எழும்பினார், ரீச்சர் பழக்கியபடி, வீணையும் புல்லாங்குழலுமாக. நான் கடைசி வரைக்கும் மிருதங்க மாஸ்டரின் காலடியில் இருந்து பார்த்தேன். வெளியே வரும்போது டான்ஸ் ரீச்சரின் அம்மா அத்தையின் கையைப் பிடித்தார். "உமக்கு நல்ல குரல். நான் அழுதிட்டன்," என்றார். பிறகு, "அடுத்த முறை தேங்காயை வீட்டில வைச்சிட்டு வாரும்," என்றார்.

"வெளங்கிச்சாம்மா ஒங்களுக்கு?" என்று கேட்டார் அத்தை. அவருக்கு வாய் சும்மா இருக்காது.

வீட்டு வாசலில் அம்மா அரிக்கன் லாம்போடு நின்றார். விடியத்தான் வருவோம் என்று இருந்தவருக்கு, நாங்கள் அவ்வளவு வெள்ளென வந்ததும் முகம் செத்துவிட்டது. "ஓடிட்டாளா?" என்றார். "எனக்குத் தெரியும் அக்கா. எனக்குத் தெரியும்."

அத்தை என்னைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார்.

நான் போய் எங்கள் வீட்டுச் சுவருக்கு முன்னால் நின்றேன். வெறும் தகரம். கையை ஓங்கி அடித்தேன். தொம் என்று வரவில்லை, தடார் என்று வந்தது. அது இன்னும் நன்றாக இருந்தது. மறுபடி அடித்தேன். கோழிகள் கத்தின. நாய் குரைத்தது. அம்மா லாம்பைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து பின்னாலிருந்து இரண்டு கையாலும் என் காதைப் பொத்தினார். நான் அந்தக் கைகளை எடுத்தேன். என் கைகளுக்குப் பக்கத்தில் தகரத்தில் வைத்தேன்.

"கையைத் தூக்குங்கோ அம்மா. தூக்கிட்டு அடிச்சாப் பயமில்லை."

அம்மா கையைத் தூக்கினார். அடித்தார். இரண்டாவது தரம் கொஞ்சம் பலமாக. பிறகு நாங்கள் இரண்டு பேரும் அடித்தோம், தறப்பாள் குலுங்கும் வரைக்கும், அம்மா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத வரைக்கும். அத்தை வாசலில் குந்தியிருந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

வேலிக்கு அப்பால் பூசாரி லைட் அடித்துக் கேட்டார். "என்னணை, என்ன சத்தம் அங்க? கலியாண வீடோ?"

"ஓம்!" என்று அம்மா கத்தினார். "கலியாண வீடுதான்! வாறதெண்டா வாங்கோ!"